இன்னும் ஒரே ஒரு கேள்வி

"மகளுக்கு ஒரு எடத்துல இருந்து லெட்டர் வந்தா என்னா செய்வ?"

"சந்தோஷப்படுவேன்."

"ரெண்டு எடத்துல இருந்து வந்தா?"

"ரெண்டு மடங்கு சந்தோஷப்படுவேன் லா. இதெல்லாம் ஒரு கேள்வியா சன்னாசி?"

இரண்டு மாதத்துக்கு முன்னால், தோட்டத்துச் செம்பனை மரத்தடியில், தன்கீழ் வேலை செய்யும் சன்னாசியோடு உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தபோது நடந்த பேச்சு அது. இருபது வருடம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த ஒருவன் இப்படி விவரமில்லாமல் வாயை விட்டிருக்கக் கூடாது என்று குணாளன் இப்போது நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்ட இடம் சிரம்பான் சாலையோரத்தில் ஒரு பேருந்து நிறுத்தம். மழைக்கு ஒதுங்கியிருந்தான். வெளியே மோட்டார் சைக்கிள் நனைந்துகொண்டிருந்தது. கூரை ஒழுகியதால் உள்ளே அவனும் நனைந்துகொண்டிருந்தான்.

மகள் ஷாமினிக்குக் கணினி அறிவியல் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று வடக்கே, பேருந்தில் எட்டு மணி நேரம். அரசாங்கத்தினுடையது, நல்ல பெயர். மற்றது சிரம்பானைத் தாண்டியதும் வந்துவிடும். தனியார் நடத்துவது, ஆனால் ஷாமினியின் மதிப்பெண்ணைப் பார்த்துப் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். இரண்டு இடத்துக்கும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் போய்விடும்.

குணாளன் கடிதம் வந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

"பக்கத்துதே போதும். பிள்ள வாரா வாரம் வீட்டுக்கு வந்துடும்," என்றான்.

மனைவி வள்ளிநாயகி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "சரிங்க. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுட்டு வந்துடுங்களேன். அங்க சனி ஞாயிறுல வகுப்பு இருக்கான்னு."

"போன் பண்ணா போச்சு."

"போன்ல என்னத்தையாவது சொல்லி வச்சிருவாங்க. மொகத்தப் பாத்துக் கேக்கணும்."

நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஷாமினி நிமிர்ந்தாள். "அப்பா, அது வந்து..."

"நீ போய் அரிசியக் கழுவு," என்றாள் வள்ளிநாயகி.

அப்படித்தான் இந்தச் சனிக்கிழமை வேலை முடிந்ததும் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பல்கலைக்கழக முகப்பில் லோகேஸ்வரி என்று பெயர் குத்தியிருந்த பெண் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கு அங்கிள். சனி ஞாயிறு ரெண்டு நாளும் இருக்கு. அது எப்படின்னா..."

"போதும்மா," என்று குணாளன் எழுந்துவிட்டான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. இதற்கு மேல் நனைய அவனுக்குத் தெம்பில்லை. நனைந்தது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டியபடியே சொன்னான். "இருக்கு வள்ளி. ரெண்டு நாளும் இருக்கு."

வள்ளிநாயகி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "இருக்கா?"

"இருக்கு. அதனால அது வேணாம். வடக்குக்கே அனுப்பிடலாம்."

மலர்ந்த முகம் மலர்ந்தபடியே நின்றுவிட்டது. "எதனால வேணாம்?"

"சனி ஞாயிறும் வகுப்புன்னா பிள்ள எப்ப வீட்டுக்கு வரும்? பக்கத்துல இருந்து என்னா பிரயோசனம்?"

"நான் வேணாம்னு சொன்னேனா?"

"பின்ன எதுக்குக் கேக்கச் சொன்ன?"

"தெரிஞ்சிக்கலாம்னுதான்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. 'தெரிஞ்சிக்கலாம்னுதான்' என்ற பதிலுக்கு மேல் கேள்வி கேட்பது உடம்புக்கு ஆகாது என்பது குணாளனுக்குத் தெரியும். ஈரச் சட்டையைக் கொடியில் போடப் போனான். பின்னாலேயே அவள் குரல் வந்தது.

"என்னாங்க. இன்னும் ஒரே ஒரு கேள்வி. அங்க வயசு கூடினவங்க யாராச்சும் படிக்கிறாங்களாமா?"

குணாளன் கொடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். அட, இது தனக்குத் தோன்றவில்லையே. பெண் பிள்ளையை அனுப்பும் இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா. தாய் தாய்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தம்பின் பட்டணத்துக்குப் போனான். சந்தைக்கு எதிரே, கடை மாடியில் டியூசன் நடத்தும் திருச்செல்வம் எந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். சொன்னார். இரண்டு மணி நேரம் சொன்னார். வெள்ளைப் பலகையில் கோடு போட்டு, இந்தப் பக்கம் வடக்கு, அந்தப் பக்கம் பக்கத்தது என்று எழுதி, அம்புக்குறி எல்லாம் இட்டார். அங்கே இருந்தவை முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலிகள். குணாளனின் முழங்கால் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சார், வயசு கூடினவங்க படிக்கிறாங்களா?"

"ஏன் இல்ல? போன வருஷம் அம்பத்தி மூணு வயசுல ஒருத்தரு பட்டம் வாங்குனாரு. பேரன் பேத்தி எடுத்த மனுசன்."

"எங்க சார்? வடக்குலயா?"

"பக்கத்துல."

குணாளன் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. இரண்டு பேர் சேர்ந்து அதைக் கழற்றினார்கள்.

"அம்பத்தி மூணு வயசு ஆளெல்லாம் அங்க சுத்துறானாம்," என்றான் வீட்டுக்கு வந்ததும். "பேரன் எடுத்தவன். நம்ம பிள்ள பக்கத்துல வந்து உக்காந்தா என்னா செய்றது? வேணவே வேணாம்."

"அம்பத்தி மூணா?" வள்ளிநாயகியின் கண் விரிந்தது. "கணக்குப் பாடமெல்லாம் பாஸ் பண்ணிட்டாராமா?"

"அவன் பாஸ் பண்ணா நமக்கென்னா, பெயில் ஆனா நமக்கென்னா?"

"சும்மா கேட்டேன்."

ஷாமினி நாற்காலியில் நெளிந்து உட்கார்ந்தாள். "அப்பா, நீங்க ஒண்ணும் அலைய வேணாம். நான் வந்து..."

"ஷாமினி, கோழிக்குத் தீனி போட்டியா?"

பிள்ளை எழுந்து போனாள். குணாளனுக்கு அவள் மீதுதான் கோபம் வந்தது. அப்பன் நாயாக அலைகிறான், தலைக்கு மேல் வெள்ளிக்கிழமை தொங்குகிறது, இதுவோ ஏதோ சினிமா பார்ப்பதுபோல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை கேள்விகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. சோறு போடும்போது ஒன்று.

"சர்ட்டிபிகேட் பழசாயிட்டா செல்லுமா, செல்லாதா?"

"பிள்ள பரீட்சை எழுதி மூணு வருஷத்துல என்னா பழசு? அது என்னா ரொட்டியா?"

ரசம் ஊற்றும்போது இன்னொன்று.

"பூலாவ் செபாங் டேசன்ல காலைல மொத ரயில் எத்தன மணிக்கு?"

"ஹாஸ்டல்ல தங்கப் போற பிள்ளைக்கு ரயில் எதுக்கு வள்ளி?"

"ஒரு பேச்சுக்குத்தான்."

குணாளன் ரசத்தை வேகமாகக் குடித்து முடித்தான். மோருக்கு என்ன வரும் என்று தெரியவில்லை.

இந்த வீட்டில் இனி முடிவு பிறக்காது என்று அவனுக்குப் பட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு முடித்தபோது, முப்பது பேர் எதிரில் நிற்பதைப் பார்த்து ஒரு யோசனை வந்தது. சன்னாசியைப் போல நாலைந்து பழைய தமிழர்கள், மீதிப் பேர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்தும் வந்தவர்கள். ஊர் உலகம் பார்த்தவர்கள். பெற்றவர்களைப் பிரிந்து வந்தால் எப்படி இருக்கும் என்று இவர்களைவிட யாருக்குத் தெரியும்.

"வடக்குன்னு சொல்றவங்க இந்தப் பக்கம் வாங்க," என்றான் தமிழிலும் மலாயிலுமாக. "பக்கத்துதுன்னு சொல்றவங்க அந்தப் பக்கம்."

சொல்லி வாயை மூடவில்லை, முப்பது பேரும் வடக்குப் பக்கம் பாய்ந்தார்கள். ஒருவன் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினான். குணாளன் பேர்ப் புத்தகத்தை மூடிவிட்டுப் பார்த்தான். இத்தனை பேருக்கும் ஒரே எண்ணமா.

"ஏன் சன்னாசி எல்லாரும் வடக்குங்குறீங்க?"

"பின்ன? அங்க தரை மட்டம், மரம் குட்டை. பக்கத்துக் காடு முழுக்க மேடு லா மண்டோரே. செம்பனைக் கொலைய யாரு தூக்கிட்டு எறங்குறது?"

அவன் விளக்குவதற்குள் டிராக்டர் முப்பது பேரையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்தின் வடக்குக் காட்டுக்குப் போய்விட்டது. அன்றைக்குக் குலை வெட்ட வேண்டியிருந்தது பக்கத்துக் காட்டில். பத்து மணிக்குத் தோட்டத்து நிர்வாகி கூப்பிட்டு அனுப்பினார். கணினி அறிவியல்தான் காரணம் என்று குணாளன் உண்மையைச் சொன்னான். நிர்வாகி அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு, உனக்கு விடுப்பு எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று கேட்டார்.

"ஆளுங்கள எதுக்குக் கேட்ட?" என்றான் சன்னாசி மத்தியானம். "சாமியக் கேளு. பூப்போட்டுப் பாத்துரு. அதுக்கு மேல யாரும் பேச முடியாது."

இது சரியென்று பட்டது. புதன்கிழமை சாயங்காலம் மூவரும் தோட்டத்துக் கோயிலுக்குப் போனார்கள். வெள்ளைப் பூ வந்தால் வடக்கு, சிவப்புப் பூ வந்தால் பக்கத்தது. இரண்டையும் தனித்தனி வெற்றிலையில் வைத்து நூல் சுற்றி, வெளியே தெரியாதபடி சாமி காலடியில் போட வேண்டும். ஒரு சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். பொட்டலம் கட்டும் வேலையை வள்ளிநாயகி தானாகவே ஏற்றுக்கொண்டாள். பண்டாரம் மாயாண்டி தன் பேத்தியைக் கூப்பிட்டார். நாலு வயதுக் குழந்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து ஒன்றை எடுத்து நீட்டியது.

பிரித்தார்கள். சிவப்பு.

குணாளன் கையெடுத்துக் கும்பிட்டான். ஐந்து நாள் அலைச்சல் முதுகிலிருந்து இறங்கிக் கோயில் தரையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். வள்ளிநாயகியும் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மாயாண்டி, கிடந்த இன்னொரு பூவைச் சாமிக்குச் சாத்தலாமே என்று அந்தப் பொட்டலத்தையும் பிரித்தார். அதிலும் சிவப்பு.

குழந்தை, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துப் பாட்டனின் வேட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

"நாப்பது வருஷமா இங்க பூசை பண்றேன்," என்றார் மாயாண்டி. "சாமிக்குச் சுருட்டுக் கொறச்சுக் குடுத்தவன் உண்டு. சேவல்னு சொல்லிக் கோழி கொண்டாந்தவன் உண்டு. ரெண்டும் செவப்பாக் கட்டுன ஆளு நீதாம்மா மொதல்ல."

"வெள்ளப் பூ கெடைக்கல பண்டாரம்," என்றாள் வள்ளிநாயகி தரையைப் பார்த்து.

அவள் தலைக்குப் பின்னால், கோயில் வாசல் நந்தியாவட்டை கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

திரும்பும்போது குணாளன் பாதி வழியில் நின்றான். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. வாய்க்கால் கட்டையில் உட்கார்ந்தான்.

"வள்ளி, பிள்ளையப் பிரிஞ்சி இருக்க முடியலன்னா நேரா சொல்லிருக்கலாமே. நான் என்னா வேணாம்னா சொல்லப் போறேன்? சரி. பக்கத்துக்கே அனுப்பிடுவோம்."

"இல்லங்க," என்றாள் அவள் பதறிப்போய். "ஷாமினி வடக்குக்குத்தான் போவணும். அங்கதான் நல்லாச் சொல்லிக் குடுக்குறாங்க. நான் படிச்சுப் பாத்தேன்."

"வடக்குக்கா?"

"ஆமாங்க."

"அப்ப ரெண்டு செவப்பு?"

"அது வேற."

குணாளன் அவளைப் பார்த்தான். பக்கத்தது என்றால் வடக்கு. வடக்கு என்றால் பக்கத்தது. சாமியிடம் கேட்டால் சாமிக்கே பூச்சுற்றுகிறாள். ஆனால் கண்ணில் நீர் நிற்கிறது. இந்தப் பெண் தன்னிடம் எதையும் கேட்டுத் தொல்லை செய்தவள் இல்லை. நகை கேட்டதில்லை, சி ரூசா கடற்கரைக்குக்கூட நாலு தடவை அவன்தான் வற்புறுத்திக் கூட்டிப் போயிருக்கிறான். அப்படிப்பட்டவளுக்கு இந்த ஒரு வாரமாக என்ன வந்தது.

"வெள்ளிக்கிழமை நான் அரை நாள் லீவு போடுறேன்," என்றான் எழுந்து. "நீயே வா. அந்தப் பொண்ண நீயே மொகத்தப் பாத்துக் கேளு. ஒரு கேள்வியோ ஒம்பது கேள்வியோ, கேட்டு முடிச்சிரு. நான் வாயே தெறக்கல. அங்கேயே உக்காந்து அஞ்சு மணிக்குள்ள பிள்ளைக்கு ஒண்ண முடிச்சிட்டு வந்துடுவோம்."

வெள்ளிக்கிழமை மழை வருவதுபோல் இருந்ததால் சன்னாசியின் வேனைக் கேட்டு வாங்கினான். அது அவன் கோழி ஏற்றும் வேன். "கழுவித்தான் வச்சிருக்கேன் லா," என்று சன்னாசி சொன்னது எந்த வருடத்தைப் பற்றி என்று தெரியவில்லை. வள்ளிநாயகி கல்யாண வீடுகளுக்கு மட்டும் எடுக்கும் மஞ்சள் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்து ஏறினாள்.

"கேள்வி கேக்க எதுக்குப் பட்டுச் சேல?"

"நாலு பேரு இருக்குற எடங்க."

வழியில் மம்பாவ் பக்கம் வந்தபோது டயர் காற்று இறங்கிவிட்டது. மாற்று டயர் இருந்தது. அதிலும் காற்று இல்லை. குணாளன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அரை மைல் நடந்து பட்டறைக்குப் போய்த் திரும்பினான். மணி நாலு. வள்ளிநாயகி தன் முந்தானையால் அவன் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

"விடுங்க. வேணாம். வீட்டுக்குப் போயிடுவோம்," என்றாள் மெதுவாக.

"வேணாமா? பிள்ள எடம் போயிடும் வள்ளி. ஏறு வண்டில."

மூவரும் பல்கலைக்கழக முகப்புக்குள் நுழைந்தபோது மணி நாலரை. குணாளனின் சட்டையில் கரி, ஷாமினியின் பின்னலில் இரண்டு இறகு. குளிர்சாதனக் காற்று பட்டதும் இன்னும் நாலைந்து இறகு பறந்து மேசையில் இருந்த விளக்கத் தாள்கள் மீது இறங்கின.

லோகேஸ்வரி ஒன்றைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். "வாங்க அங்கிள். அன்னிக்கு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஓடிட்டீங்க."

"இன்னைக்குக் கேக்குறது இவங்க. என் வீட்டுக்காரி."

வள்ளிநாயகி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். லோகேஸ்வரி காத்திருந்தாள். ஷாமினி காத்திருந்தாள். குணாளன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். வள்ளிநாயகியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒரு வாரமாக அவனை ஊர் ஊராக விரட்டிய அத்தனை கேள்வியும் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"சரி, நானே கேக்குறேன்," என்று குணாளன் பெருமூச்சு விட்டான். எல்லாமே அவனுக்கு மனப்பாடம். "வயசு கூடினவங்க படிக்கிறாங்களா? பழைய சர்ட்டிபிகேட் செல்லுமா? கணக்கு கஷ்டமா? மொத ரயிலு எத்தன மணிக்கு?"

"படிக்கிறாங்க அங்கிள், சனி ஞாயிறு வகுப்பே அவங்களுக்குத்தான். எந்த வருஷத்து எஸ்.பி.எம். பரீட்சை சர்ட்டிபிகேட் ஆனாலும் செல்லும். கணக்குக்குத் தனியா ஒரு மாசம் ஆரம்ப வகுப்பு வச்சிருக்கோம். ஒம்பது மணிக்குத்தான் வகுப்பு, மொத ரயிலப் புடிச்சாத் தாராளமா வந்துடலாம்." அவள் ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்து முன்னால் வைத்தாள். "சேரப் போறவங்க ஐ.சி. அடையாள அட்டையக் குடுங்க."

"அப்பாடா. எடும்மா ஷாமினி."

ஷாமினி அசையவில்லை. "நான் எதுக்குப்பா குடுக்கணும்?"

"விளையாடாத. மணி நாலே முக்கால்."

"நான்தான் லெட்டர் வந்த அன்னிக்கே வடக்குக்குச் சரின்னு போட்டுட்டேனே. அம்மாவும் பக்கத்துலதான் இருந்தாங்க. ஹாஸ்டல் ரூம் நம்பர் கூட வந்துடுச்சி."

குணாளன் மகளைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். தோளில் டயர் அழுத்திய இடம் இப்போதுதான் வலிக்கத் தொடங்கியது.

"அப்ப ஒரு வாரமா நான் யாருக்கும்மா அலைஞ்சேன்?"

ஷாமினி அம்மாவின் தோளில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை இறகை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் அதுதான் புரியல," என்றாள் லோகேஸ்வரி, பேனாவைத் திறந்தபடி. "பாரத்துல யாரு பேரு எழுதட்டும் அங்கிள்?"

வள்ளிநாயகி கைப்பையைத் திறந்து, தன் பழைய சர்ட்டிபிகேட் வைத்திருந்த, பழுப்பேறிப்போன ஒரு உறையையும் தன் ஐ.சி.யையும் எடுத்து மேசை மேல் வைத்தாள். லோகேஸ்வரியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. கரி படிந்த சட்டையோடு நின்ற குணாளனின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்கணும்னுதான் இருந்தேன். என்னாங்க, நான் படிக்கட்டுமா?"